பச்சைச் சீட்டு, சிவப்புச் சீட்டு

ஜனவரி 21

இன்று கைதட்டினேன். உள்ளங்கை சிவக்கிற வரைக்கும் தட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்குப் பிரிவுப் பெண், "மெதுவாக்கா, டாக்டர் என்ன உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டாள். என்னுடையதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், சொந்தமில்லாமல் பின்னே என்ன?

ஆலையின் ஆண்டு விழா. எங்கள் கரும்பு ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் டாக்டர் ஜெகதீசன் சந்தன நிறச் சட்டையில் மேடையேறி ஒரு பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். பெயர் 'ஜெகவளம்'. கரும்புத் தண்டுக்குள்ளேயே குடியிருந்து, காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்துக் கரும்புக்குக் கொடுக்கும் பாக்டீரியா. இனிமேல் பாதி யூரியா போதும். கண்டுபிடித்தவர் டாக்டர் ஜெகதீசன்.

கண்டுபிடித்தது நான். கு. வேதநாயகி, ஆய்வக உதவியாளர், பதினோரு வருடமாகத் தற்காலிகம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் வாய்க்கால் கடைமடையில் பழனாத்தா அக்காவின் தோட்டத்தைப் பார்த்தேன். அந்த வருடம் அவர் யூரியாவே சரியாகப் போடவில்லை. ஆனாலும் கரும்பு கறுத்த பச்சையில் நின்றது. ஏன் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது. ஒரு கரும்பை வெட்டிக்கொண்டு வந்து சாறு பிழிந்து, கண்ணாடித் தட்டில் கஞ்சி ஊற்றி (பாக்டீரியாவுக்குத் தீனியாக வைக்கிற ஊடகத்தை நான் கஞ்சி என்றுதான் சொல்வேன்), வளர்ந்ததையெல்லாம் குழாய் குழாயாகப் பிரித்தேன். ஏழாவது குழாயில் இருந்ததுதான் வேலை செய்தது. ஏழாம் நம்பர் என்றே கூப்பிட்டேன். குழாயைத் திறந்தால் புளித்த கரும்புச்சாறு வாடை அடிக்கும். நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காமல் மாதம் ஒரு தடவை புதுக் கஞ்சிக்கு மாற்றிக் காப்பாற்றி வந்தேன். எனக்குக் காய்ச்சல் வந்த மாதம்கூட.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதி ஜெகதீசனிடம் கொடுத்தேன், பாருங்கள் சார் என்று. பார்த்தான். ஆய்விதழில் அவன் பெயரில் கட்டுரை வந்திருக்கிறது. கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் ஜீப் டிரைவருக்கு அடுத்து, வாட்ச்மேனுக்கு முன்னால் நான் இருக்கிறேன்.

இவனை நான் சும்மா விடப்போவதில்லை. தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 22

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் சென்னியப்பன் ஆலையின் எடைமேடையில் வேலை செய்கிறார். அரை டன் குறைந்தால் ஊரைக் கூட்டுகிற மனிதர், என்னிடம், "உடு புள்ள. யாரு பேரு போட்டா என்ன, கரும்பு வளந்தாச் செரி" என்றார்.

ராத்திரி சாம்பாரில் உப்பு இரண்டு பங்கு விழுந்துவிட்டது. கை தவறிவிட்டது.

ஜனவரி 30

சேர்மன் லேசுப்பட்டவரில்லை. 'ஜெகவளம்' தயாரிக்கத் தனித் தொழிற்கூடம் கட்ட வேண்டும், அதற்குத் தன்னைப் பொது மேலாளராகப் போட வேண்டும் என்று ஜெகதீசன் எழுதிக் கொடுத்ததற்கு, "மொதல்ல கண்ணுல காட்டுங்க" என்று சொல்லியிருக்கிறார். ஆகவே சோதனை. அடுத்த மாதம் நடவு. நட்ட ஒன்பதாம் மாதம் விவசாயிகளைக் கூட்டி வயல்விழா.

சோதனை இப்படி. ஒரு பகுதிக் கரும்புக்கு உயிருள்ள பாக்கெட், மறு பகுதிக்குச் செத்த பாக்கெட். செத்தது என்றால் அதே பாக்டீரியாதான், அதே கரித்தூளில் கலந்ததுதான், ஆட்டோகிளேவில் நூற்றிருபத்தொரு டிகிரியில் இருபது நிமிடம் வேகவைத்துக் கொன்றது. பார்வைக்கு இரண்டும் ஒன்று. எது எது என்று வயலில் யாருக்கும் தெரியக்கூடாது. ஆகவே பச்சைச் சீட்டு, சிவப்புச் சீட்டு. பச்சை உயிர், சிவப்பு செத்தது என்று ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு அரக்கு வைத்துச் சேர்மனிடம் கொடுத்தாகிவிட்டது. வயல்விழா மேடையில்தான் பிரிப்பார்.

இரண்டு ரகம் நடப்போகிறார்கள், ஆலைப் பன்னிரண்டு, ஆலை முப்பத்தொன்று. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்து, இருமுகிற மாதிரி மறைத்துக்கொண்டேன். பன்னிரண்டு ஏழாம் நம்பரை உள்ளே விடும். முப்பத்தொன்று விடாது. கரணையை (நடுவதற்கு நறுக்குகிற கரும்புத் துண்டை) எத்தனை நேரம் ஊறவைத்து நட்டாலும், இரண்டு மாதம் கழித்துத் தண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. நோட்டின் பின்பாதியில் பட்டியல் போட்டு எழுதியிருக்கிறேன். நோட்டை வாங்கிக்கொண்டு போன மகராசன் முன்பாதியோடு நிறுத்திவிட்டான்.

வளர்ப்பதும் கொல்வதும் பாக்கெட் போடுவதும் சீட்டு ஒட்டுவதும் நான் மட்டும்தான்.

பிப்ரவரி 3

இன்று சீட்டு ஒட்டினேன். வேறொன்றும் செய்யவில்லை. பச்சைச் சீட்டு ஒட்டிய பாக்கெட்டில் செத்தது இருக்கிறது. சிவப்பில் உயிர் இருக்கிறது. உறைக்குள் இருக்கிற தாள் வேறு மாதிரி சொல்லும், சொல்லட்டும்.

நவம்பர் மாதம் மேடையில் உறையைப் பிரிப்பார்கள். டாக்டர் ஜெகதீசனின் மருந்து போட்ட கரும்பு நோஞ்சானாகவும், போடாத கரும்பு ஆள் உயரத்துக்கு மேலும் நிற்கும். ஐந்நூறு விவசாயி பார்ப்பார்கள். அவன் முகத்தை நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன். அன்றைக்கும் கைதட்டுவேன்.

சோதனை நடப்பது ஆலையின் சொந்தப் பண்ணையில். விளைச்சல் குறைந்தால் யாருடைய அடுப்பும் அணைந்துவிடாது. இதை யோசிக்காமல் நான் எதையும் செய்யவில்லை.

சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்ய வேண்டும்.

பிப்ரவரி 9

இடத்தை மாற்றிவிட்டான்.

"பண்ணையில வச்சா நாமளே ஏதோ தில்லுமுல்லு பண்ணிட்டோம்னு பேசுவாங்க வேதாம்மா. விவசாயி தோட்டத்துல காட்டணும். அதுவும் எந்தத் தோட்டத்துலேர்ந்து இது கிடைச்சுதோ அங்கயே காட்டினா, பேப்பர்ல போடறதுக்கு நல்லாருக்கும்."

பழனாத்தா அக்கா தோட்டம். அவருக்கு இருப்பதே அந்த ஒரு ஏக்கர்தான். அவன் போய்க் கேட்டதற்கு, "வேதநாயகி வருவாளுங்களா? அப்பச் செரிங்க" என்று ஒப்புக்கொண்டாராம். என்னை நம்பித்தான் கொடுத்திருக்கிறார்.

அதைவிட மோசம், பச்சைச் சீட்டுப் பகுதி முக்கால் ஏக்கராம். நன்றாக வளர்கிற பகுதி பெரிதாக இருந்தால் போட்டோவுக்கு எடுப்பாக இருக்குமாம். சிவப்புக்குக் கால் ஏக்கர். எல்லாவற்றுக்கும் பாதி யூரியாதான், அதற்கு மேல் ஒரு பிடி போடக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறான்.

சீட்டை மாற்ற நேரமில்லை. பாக்கெட்டெல்லாம் எண்ணிப் பூட்டி, சாவி அவன் இடுப்பில் இருக்கிறது.

நேரமிருந்தது. வாய் திறந்து சொல்லியிருந்தால் நேரமிருந்தது. நான் திறக்கவில்லை.

பிப்ரவரி 12

நடவு. இரண்டு டிரம்மில் பச்சையும் சிவப்பும் தனித்தனியாகக் கரைத்து, கரணைகளை அரை மணி நேரம் ஊறவைத்து நட்டோம். பெரும்பகுதி பன்னிரண்டாம் ரகம். வரப்போரத்தில் முப்பத்தொன்று, பச்சையில் இரண்டு சால், சிவப்பில் இரண்டு சால்.

பழனாத்தா அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆளோடு ஆளாகக் கரணை போட்டார். நடுவில் என்னிடம் வந்து, "அம்மிணி, எதுல உசுரு இருக்குது? எங்கிட்ட மட்டுஞ் சொல்லு" என்றார்.

"எனக்கே தெரியாதுங்க்கா. சேர்மன் கையில உறைக்குள்ள இருக்குது."

"அது கெடக்குது. நீ கை வெச்சிருக்கறே, வெளங்கீரும்."

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தேன். கரித்தூள் லேசில் போவதில்லை.

மார்ச் 17

முளைப்பு இரண்டு பக்கமும் ஒன்றுபோல. மாவு பொங்கி பிரிட்ஜுக்குள் வழிந்துவிட்டது.

ஏப்ரல் 18

பழனாத்தா அக்கா காலையில் போன் செய்தார். "அம்மிணி, ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை.

போனேன். சிவப்புப் பக்கம் பன்னிரண்டாம் ரகம் தூருக்கு எட்டு முளை, ஒன்பது முளை என்று வெடித்துக் கறுத்த பச்சையில் நிற்கிறது. பச்சைப் பக்கம் முக்கால் ஏக்கரும் வெளுத்துக் கிடக்கிறது. தூருக்கு நாலு, அதுவும் சூம்பல். முப்பத்தொன்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சள். நான் நினைத்தபடியே எல்லாம் நடக்கிறது. தோட்டம் மட்டும்தான் நான் நினைத்த தோட்டமில்லை.

ஜெகதீசனும் வந்திருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் வாய் குறையவில்லை. "பாக்டீரியா உள்ள போய்ப் புடிக்க டைம் ஆகும்மா. பொறுமையா இருக்கணும்."

"யூரியா ஒரு சிப்பம் வீசிக்கட்டுங்களா சார்?" என்று அக்கா கேட்டார்.

"ஒரு பிடி விழுந்தாலும் சோதனை கெட்டுப்போச்சு. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அவன் ஜீப்பில் ஏறிப் போன பிறகு அக்கா வரப்பில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இந்த ஒரு வெட்டுத்தான் அம்மிணி எனக்கு வருசத்துக்கும். உனக்குத் தெரியும்" என்றார். பிறகு மோர் வேண்டுமா என்று கேட்டார்.

ஏப்ரல் 20

யோசித்துப் பார்த்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு வேலை போகும், அவன் தப்பிப்பான், மேடையில் என்னையே குற்றவாளி ஆக்கி அனுதாபமும் சம்பாதிப்பான். அது நடக்காது. சிவப்பில் போன உயிரைத் திருப்பி எடுக்கவும் முடியாது.

ஒன்று முடியும். பச்சைப் பக்கத்துக்கும் உயிரை ஊற்றலாம். அடுத்த வாரம் மண் அணைக்கிறார்கள், அந்தச் சமயத்தில் வேரடியில் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும். நவம்பருக்குள் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். பழனாத்தா அக்காவின் கரும்பு பிழைக்கும்.

அப்போது அவன் கதி? அதையும் பார்த்தேன். மருந்து போட்டதும் போடாததும் ஒரே உயரம். அப்படியென்றால் மருந்து வெறும் கரித்தூள். நான் போட்ட திட்டத்தைவிட இது சுத்தம். தலைகீழாக வந்திருந்தால் சீட்டு மாறிவிட்டது என்று யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். சமமாக வந்தால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஏழாம் நம்பர் ஒன்றுக்கும் உதவாது என்று ஆகிவிடுமே என்றும் ஒரு யோசனை வந்தது. ஆகட்டும். அது ஒரு குழாய்தானே.

ஏப்ரல் 27

மண் அணைப்பு. ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கரையேறியதும், இரண்டு இருபது லிட்டர் கேனை வாய்க்கால் தண்ணீரில் கலந்து, சால் சாலாக முக்கால் ஏக்கருக்கும் வேரடியில் ஊற்றினேன். ஒன்றே கால் மணி நேரம். முதுகு விட்டுப்போயிற்று. வரப்போர முப்பத்தொன்றுக்கும் ஊற்றினேன், எதற்கு என்று தெரியவில்லை. அது ஏற்காது.

கடைசிச் சாலில் நிமிர்ந்தால் பழனாத்தா அக்கா சோற்றுப் போசியோடு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"நுண்சத்துங்க்கா. எல்லாத் தோட்டத்துக்கும் குடுக்கறதுதான்" என்றேன்.

"நான் ஒண்ணுங் கேக்கலயே" என்றார். "கை கழுவிட்டு வா, சோறுங்கலாம்."

மே 30

வெளுப்பு மாறுகிறது. குருத்து பச்சை.

ஜூன் 23

பச்சைப் பக்கத்தில் ரகத்துக்கு ஒரு கரும்பாக வெட்டிக் கொண்டுவந்து சாறெடுத்துக் கஞ்சியில் இட்டிருந்தேன். ஐந்தாம் நாளான இன்று பன்னிரண்டின் தட்டைத் திறந்தேன். அந்த வாடை. ஏழாம் நம்பர்தான், நூற்றுக்கணக்கில், மஞ்சள் பொட்டுப் பொட்டாக. தூர் ஒன்பதாகிவிட்டது. முப்பத்தொன்றில் வழக்கம்போல ஒன்றுமில்லை.

பத்து நிமிடம் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை இல்லை, அதனால்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஆலைக்கு அரை நாள் விடுமுறை. ஆற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை ஜெகதீசன் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். மனிதன் ஒரு வேளை மனம் மாறிவிட்டானோ என்று அரை நிமிடம் நினைத்தேன். பச்சைப் பக்கம் தேறியதிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதுகூட அவன் கண்ணில் படவில்லை. தூரத்திலிருந்து தன் முக்கால் ஏக்கரை மட்டும் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

"தொழிற்கூடம் வந்துட்டா, எம்.எஸ்சி. படிச்ச பசங்களைத்தான் எடுக்கணும்னு விதி வேதாம்மா. நீங்களும் எத்தனை வருஷம் இந்த வாடையிலயே கிடப்பீங்க? உங்களுக்கும் ஓய்வு வேணுமில்ல?"

"வேணுங்க சார்" என்றேன்.

"கல்ச்சர் குழாயெல்லாம் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. அது ஒண்ணுதான் உங்ககிட்ட கேட்கிறது."

ஆற்றில் முளைப்பாலிகை விடும்போது எல்லோரும் ஊர் செழிக்க வேண்டிக்கொண்டார்கள். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர் 19

சோகை உரிப்பு. கை முழுக்கக் காய்ந்த இலை கிழித்திருக்கிறது. தேங்காயெண்ணெய் தடவினேன்.

நவம்பர் 13

வயல்விழா முடிந்தது. எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன், ஒன்றும் விட்டுப்போகக்கூடாது.

பந்தல், மைக், தென்னங்குருத்துத் தோரணம். ஐந்நூறு பேர் வரவில்லை, முந்நூற்றுச் சொச்சம். சேர்மன் வெள்ளை வேட்டியில் வந்து வரப்பிலேயே நடந்தார். வயது எழுபது. கரும்பைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவர்.

ஜெகதீசன் இருபது நிமிடம் பேசினான். பிறகு அளவு. ஒவ்வொரு பகுதியிலும் பத்துக் கரும்பு வெட்டி உயரம், கணு, எடை. அளந்தது வெளியூர்க் கரும்பு அலுவலர்கள். எண்களைக் கரும்பலகையில் எழுதினார்கள். பன்னிரண்டாம் ரகம், பச்சை: பத்துக் கரும்பு பதினேழு கிலோ நூறு. சிவப்பு: பதினேழு கிலோ இருநூறு. முப்பத்தொன்று, பச்சை: ஒன்பதரை. சிவப்பு: ஒன்பது கிலோ நானூறு.

சேர்மன் உறையைப் பிரித்துத் தாளைப் படித்தார். பலகையைப் பார்த்தார். திரும்பவும் தாளைப் படித்தார்.

"டாக்டர், பச்சையிலதான உசுரு? சிவப்புல செத்தது. அப்புறம் என்னுங்க வித்தியாசம்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஜெகதீசன் பலகைக்குப் பக்கத்தில் போய் எண்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், சாக்பீஸ் அழிந்தால் வேறு எண் வரும் என்கிற மாதிரி. "சார், எங்கயோ... காத்துல பரவியிருக்கலாம். தண்ணியில..."

"காத்துல பரவுச்சுன்னா முப்பத்தொண்ணுக்கு ஏன் பரவுல?" சேர்மன் கூட்டத்தைப் பார்த்து, "வளந்தது ரகமுங்க. பன்னெண்டாம் நம்பரு நல்ல ரகம், பாதி யூரியாவுலயே வருது. முப்பத்தொண்ணு வருல. இதுல பாக்கெட்டுக்கு என்ன வேலை?" என்றார்.

பிறகு பழனாத்தா அக்காவைக் கூப்பிட்டார். "ஏனுங்கம்மா, இந்தப் பக்கம் தனியா ஏதாச்சும் போட்டீங்களா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "நான் ஒண்ணும் போடலீங்க" என்றார். அது சத்தியம்.

அப்போதுதான் ஜெகதீசன் என் பக்கம் திரும்பினான். "சார், வேதாம்மாவைக் கேளுங்க. ஒன்பது வருஷமா இதை வளர்க்கிறது அவங்கதான். அவங்களுக்குத் தெரியும்." கேட்டீர்களா? ஒன்பது வருஷமா வளர்க்கிறது அவங்கதான். முந்நூறு பேர் முன்னால், மைக்கில். கட்டுரையில் ஒரு வரி இதை எழுதியிருந்தால் நான் அவனுக்குக் காலமெல்லாம் பாத்திரம் கழுவியிருப்பேன்.

சேர்மன், "நீங்க சொல்லுங்கம்மா. இது வேலை செய்யுமா, செய்யாதா?" என்றார்.

என்னிடம் பதில் இருந்தது. ஐயா, நீங்கள் நிற்கிற தோட்டம் முழுக்க அது உயிரோடு இருக்கிறது, பன்னிரண்டாம் ரகத்தில் எந்தக் கரும்பை வேண்டுமானாலும் ஒடித்துக் கொடுங்கள், ஐந்து நாளில் காட்டுகிறேன், முப்பத்தொன்று ஏன் ஏற்காது என்பதையும் காட்டுகிறேன். இவ்வளவும் தொண்டைவரை வந்தது. சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். பாக்கெட்டில் அவன் பெயர்தானே இருக்கிறது.

"வேலை செய்யாதுங்க" என்றேன். மைக்கில் என் குரல் நன்றாகக் கேட்டது. "நானும் பல வருசமாப் பாத்துட்டேனுங்க. ஒண்ணுமில்லீங்க."

அவன் முகத்தைப் பார்த்தேன். ஜனவரியிலிருந்து காத்திருந்த முகம். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல் திரும்ப மாட்டிக்கொண்டான். நான் கைதட்டவில்லை. தேவைப்படவில்லை.

பந்தியில் பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். இனிப்புக் கொஞ்சம் குறைவு.

நவம்பர் 14

நன்றாகத் தூங்கினேன். எட்டு மணி நேரம். யார் கேட்டாலும் சொல்வேன்.

நவம்பர் 15

ஜெகதீசனை ஆந்திரா பக்கமிருக்கிற கிளைக்கு மாற்றல். தலைவராக அல்ல, சாதாரண அலுவலராக. டிசம்பர் ஐந்தாம் தேதி போய்ச் சேர வேண்டும். டீக்கடையில் 'கரித்தூள் டாக்டர்' என்கிறார்களாம். என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். எனக்கு அப்படியே குளிர்ந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

நவம்பர் 24

சேர்மன் அலுவலகத்திலிருந்து கடிதம். மேலதிகாரிக்குப் பயப்படாமல் முந்நூறு பேர் முன்னால் உண்மையைச் சொன்ன நேர்மைக்காக, என்னை நிரந்தரம் செய்திருக்கிறார்கள். ஆய்வகத்துக்கு நான் பொறுப்பு. இனி அது மண் பரிசோதனை நிலையம், பாக்டீரியா வேலை நிறுத்தம். நேர்மை என்ற சொல் கடிதத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது.

வீட்டுக்காரர் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நான் எடுத்துப் பீரோவில் வைத்தேன். படத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் படும்.

நவம்பர் 28

மதியம் பழனாத்தா அக்கா ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். ஒரு பையில் கத்தரிக்காய், முருங்கைக்காய்.

"தை மாசம் வெட்டு அம்மிணி. வெட்டி முடிஞ்சதும் அதே கட்டைய மறுதாம்பாத் தழைய உடோணும். அந்த மருந்துல நாலு கேன் எனக்கு வேணும்."

"மருந்தெல்லாம் நின்னுபோச்சுங்க்கா. அது வேலை செய்யாதுன்னு அன்னைக்கே சொல்லீட்டாங்கல்ல."

"சொன்னது நீதான?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. "அப்ப அன்னைக்கு மண் அணைக்கறப்ப நீ கேன்ல கொண்டாந்து ஊத்துனது என்ன? வெளுத்துக் கெடந்தது ஒரு மாசத்துல கறுத்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

"நுண்சத்துங்க்கா."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்காக ஊத்துனேன்னு நெனச்சுட்டு இருந்தேன். சேர்மன் கேட்டப்ப அதுக்காவத்தான் நான் வாயத் தொறக்கல. நீ யாருக்காவ ஊத்துனேன்னு இப்பத் தெரியலெ." பையைக் காலி செய்துகொண்டு எழுந்தார். "செரி. யூரியாவே போட்டுக்கறேன். முழுசாவே போட்டர்றேன், எதுக்கு வம்பு?"

முழு யூரியா விழுந்தால் ஏழாம் நம்பர் தண்டுக்குள் தங்காது. கரும்புக்கு அதன் தேவை இல்லாமல் போய்விடும். இரண்டு வருடத்தில் அந்தத் தோட்டத்திலும் ஒன்றும் மிஞ்சாது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். வேலை செய்யாத ஒன்று தங்கினால் என்ன, தங்காவிட்டால் என்ன என்று அவர் கேட்பார். வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

உங்களுக்காகவும்தான் ஊற்றினேன் அக்கா. இங்கே எழுதுகிறேன்.

டிசம்பர் 3

நிறுத்திய ஆராய்ச்சியின் நுண்ணுயிர்களை ஆய்வகத்தில் வைத்திருக்கக் கூடாது என்பது ஆலை விதி. கொன்று, படிவம் நிரப்பி, பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டு, சாட்சிக் கையெழுத்தும் வாங்க வேண்டும். பொறுப்பாளர் நான். ஒப்படைத்துவிட்டுப் போகிறவர் சாட்சி. அவன்தான்.

பதினோரு மணிக்கு வந்தான். சவரம் செய்யவில்லை. அவனுடைய பெட்டிகள் நடையில் கட்டிக் கிடந்தன. அதைத் தாண்டித்தான் நான் ஆய்வகத்துக்குள் வர வேண்டியிருந்தது, காலையிலிருந்து நாலு தடவை தாண்டினேன். முதல் இரண்டு தடவை நன்றாக இருந்தது.

ஏழாம் நம்பர் மொத்தம் நாற்பத்திரண்டு குழாய். அலமாரியிலிருந்து எடுத்துக் கம்பிக்கூடையில் அடுக்கினேன். இந்த மாதத்துக்கான கஞ்சியைப் பழக்கத்தில் முந்தாநாளே காய்ச்சி வைத்துவிட்டிருந்தேன், அதைத் தொட்டியில் ஊற்றினேன். ஒரு குழாயை மட்டும் ஒளித்துவைத்தால் என்ன என்று தோன்றியது. வைத்து யாரிடம் காட்டுவது? எந்தப் பெயரில் காட்டுவது? வேலை செய்யாது என்று மைக்கில் சொன்னவளின் பெயரிலா? கூடையை ஆட்டோகிளேவுக்குள் இறக்கி மூடியைத் திருகினேன். ஒவ்வொரு திருகையும் சரிபார்த்தேன்.

முள் நூற்றிருபத்தொன்றைத் தொட்டதும் அவன் கேட்டான். "அது வேலை செஞ்சுதுல்ல?"

"செஞ்சுதுங்க சார்."

"சீட்டு?"

"ஆமாங்க."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. "போய்ச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்றான். பிறகு, "உங்களுதைத்தானே நீங்களே..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டான்.

"எங்க சார் என்னுது? பாக்கெட்ல உங்க பேருதான இருந்துச்சு."

இருபது நிமிடமும் இரண்டு பேரும் எதிரெதிர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். பழி தீர்ந்த இடத்தில் ஒரு நிறைவு இருக்கும் என்று ஜனவரியில் நினைத்திருந்தேன். பசிதான் இருந்தது. அழவில்லை என்று எழுத ஆசைப்படுகிறேன். ஆவி வெளியேறும்போது அந்தப் புளித்த சாறு வாடை அறை முழுக்க வந்தது, அதுவரைக்கும் அழவில்லை.

படிவம் ஒரு பக்கம்தான். அவன் சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பேனாவை என் பக்கம் தள்ளினான். நுண்ணுயிர்: ஏழாம் எண். கிடைத்த இடம்: பழனாத்தாள் தோட்டம், கடைமடை. கண்டுபிடித்தவர் என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்று தேடினேன். அப்படியொரு கட்டம் இந்தப் படிவத்தில் கிடையாது. அதற்கு வேறு படிவம்.

அழித்தவர்: கு. வேதநாயகி.

ஏழாம் நம்பரும் என் பெயரும் ஆலையின் காகிதம் ஒன்றில் சேர்ந்து வருவது இதுதான் முதல் தடவை. முத்திரை வைத்து, மூன்று நகல் எடுத்து, கோப்பில் சேர்த்தேன்.